கறுப்புப் பட்டை மிதவைகள்

செட்டாவை நான் முதலில் பார்த்தபோது அவள் ஒரு தராசோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் ஸ்கெல்டன் பேயில், படகுகள் பிடித்துவரும் சிங்கி இறாலை எடைபோட்டுத் தரம் பிரிக்கும் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே எனக்கு அன்றுதான் வேலையில் முதல் நாள். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு குள்ளமான பெண் தராசுத் தட்டில் கையை வைத்து அழுத்துகிறாள், எடுக்கிறாள், மறுபடி அழுத்துகிறாள்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"இது எங்கிட்டயும் முதலாளிகிட்டயும் ஒரே கணக்கா பேசுதான்னு பாக்கறேன்," என்றாள். "நீ யாரு? உன்னை யாரு அனுப்பினாங்க?"

இது நடந்து பத்து வருஷம் இருக்கும். கொன்செட்டா மஸார்டி என்பது முழுப்பெயர். ஊருக்கு அவள் செட்டா. அவளுடைய சந்தேகங்களை ஊர் ஒரு வானிலை அறிக்கை போலக் கேட்டுவைத்திருந்தது. ரொட்டிக் கடைக்காரர் ஒரு பன்னைக் கூடுதலாகப் போட்டால், "நேத்து விக்காததா இருக்கும்" என்பாள். டாக்டர் ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்றால், "அந்தாளு என் முகத்தைப் பாத்துப் பேசலடி, எதையோ முழுங்கறான்" என்பாள். தேவாலயத்தில் பாதிரியார் அவளைப் பார்த்துச் சிரித்தால் வீட்டுக்கு வந்து பாவாடை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பாள். ஒருவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. என்னோடு சிநேகமாக அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அதுவும் நான் வெளியூர்க்காரி என்பதால்தான். "அது நடந்தப்போ நீ இங்க இல்லை. அதனால அந்த ஆள் நீ கிடையாது," என்றாள் ஒருநாள்.

அது என்றால், அவள் புருஷன் நீனோவின் சாவு.

நீனோ சிங்கி பிடிப்பவன். சொந்தப் படகு, சொந்தக் கூடுகள். கூட்டுக்குள் இரை வைத்துப் பாறைகளுக்கிடையே கடலடியில் இறக்கி, மேலே ஒரு மிதவையைக் கட்டி விட்டுவிட்டு வருவார்கள். மறுநாள் போய்த் தூக்குவார்கள். யாருடைய மிதவை என்று தெரிய ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், ஒரு அடையாளம். நீனோவுடையது மஞ்சள் மிதவை, நடுவில் ஒரு கறுப்புப் பட்டை, பக்கத்தில் பேரின் முதல் எழுத்துகள். அந்த எழுத்துகளைச் செட்டாதான் சமையலறை அடுப்பில் கம்பியைக் காய்ச்சிச் சுட்டுப் போடுவாள். வீடு முழுக்க நாறுமாம்.

எங்கள் ஊரில் ஒருவன் குடித்துவிட்டுக் காரை அடுத்த வீட்டு வேலியில் ஏற்றினால் ஒரு மாசத்தில் மறந்துவிடுவார்கள். அடுத்தவன் பெண்டாட்டியோடு ஓடிப்போனவன்கூட இரண்டு வருஷத்தில் திரும்பி வந்து அதே கிளப்பில் பீர் குடித்திருக்கிறான். ஆனால் அடுத்தவன் கூட்டைத் தூக்கியவனுக்கு மன்னிப்பே கிடையாது. கடலில் பூட்டு இல்லை, காவல் இல்லை. எல்லாரும் எல்லாரையும் நம்பித்தான் கூட்டை விட்டுவிட்டு வருகிறார்கள்.

சாவதற்கு முந்தைய மாதங்களில் நீனோ அடிக்கடி வீட்டுக்கு வந்து சொல்வானாம், "யாரோ நம்ம கூட்டைத் தூக்கறாங்க, செட்டா. எனக்கு முன்னாடி போய்த் தூக்கிட்டுப் போயிடறாங்க. இந்த ஊர்ல ஒருத்தனையும் நம்பாதே" என்று. பிறகு ஒருநாள் அவன் மிதவைகளில் பாதியைக் காணோம். மறுநாள் தெற்குக் காற்று பேயாக அடித்தது. ஒரு படகும் போகவில்லை. நீனோ மட்டும் போனான், மிச்சக் கூடுகளையாவது காப்பாற்ற வேண்டும் என்று. கரைக்கு எதிரே கடலுக்குள் இரண்டு வரிசைப் பாறைத்திட்டுகள் உண்டு, உள்பார், வெளிப்பார் என்போம். வெளிப்பாரில் படகு கவிழ்ந்து கிடந்தது. உடல் இரண்டு நாள் கழித்து ஆமைக்கல் பக்கம் ஒதுங்கியது.

"கூட்டைத் தூக்கினவன்தான் அவனைக் கொன்னான்," என்பாள் செட்டா. "அவன் இதே ஊர்லதான் இருக்கான். எனக்கு குட்மார்னிங் சொல்லிட்டு இருக்கான்."

யார் என்று தெரியாததால் அவள் எல்லாரையும் சந்தேகித்தாள். பன்னிரண்டு வருஷம். சந்தேகிப்பதை மறைக்கவும் இல்லை. கடையில், தபாலாபீசில், படகுத்துறையில், முகத்துக்கு நேராகவே கேட்பாள். "அந்த வருஷம் நீ புது வண்டி வாங்கினியே, எப்படி?" ஆச்சரியம் என்னவென்றால் ஊர் இதைப் பொறுத்துக்கொண்டது. ஒருவரும் திருப்பித் திட்டவில்லை. அவள் வாசலில் யாராவது மீன் வைத்துவிட்டுப் போவார்கள். மழைக்காலத்துக்கு முன் அவள் வீட்டுக் கூரைத் தகரத்தில் யாராவது ஏறிக் குப்பையைத் தள்ளிவிடுவார்கள். அவளுடைய ஒரே மகன் வெளியூர் போகும்வரை அவனுக்கும் யாராவது படகில் வேலை கொடுத்தார்களாம். பாவம், தனியாக இருக்கிற மனுஷி என்று விட்டுப்பிடிக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒவ்வொரு மார்ச்சும் எங்கள் ஊரில் சிலைக்காலம். இந்தப் பக்கம் அப்போதுதான் கோடை முடியும். வெயில் கொஞ்சம் தணிந்ததும் எங்கெங்கிருந்தோ சிற்பிகள் லாரிகளில் வந்து இறங்குவார்கள். படகுத்துறையில் ஆரம்பித்துக் கலங்கரை விளக்கப் பாறைவரை மணலிலும் புல்லிலும் கல்லிலும் சிலைகள் முளைக்கும். ஒரு வருஷம் யானை உயரத்தில் ஒரு குழாய், கடலையே அதுதான் ஊற்றுகிறது என்பது போல. ஒரு வருஷம் கண்ணாடித் துண்டுகளால் செய்த மனிதன். வெயிலில் அவனைப் பார்த்துவிட்டு ஒரு சைக்கிள்காரர் வேலியில் விழுந்தார். விடுதிகளில் இடம் கிடைக்காது. கொட்டகைப் பெண்கள் நாங்கள் வேலைக்குப் போகிற வழியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவோம்.

செட்டாவுக்குச் சிலைகள் மேலும் சந்தேகம்தான். "சும்மா யாராவது இவ்வளவு பெரிசா செய்வாங்களா? ஏதோ விஷயம் இருக்கு," என்பாள். ஆனாலும் முதல் நாளே எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள். கண்ணுக்குத் தெரியாமல் ஊருக்குள் எதுவும் வரக்கூடாது அவளுக்கு.

அந்த வருஷம் இங்க்ரிட் என்று ஒரு சிற்பி, பெர்த்திலிருந்து வந்தவள், ஒரு பெரிய அலையைச் செய்திருந்தாள். இரும்புக் கம்பி வளைத்து, அதில் பழைய மிதவைகளை மணிமணியாகக் கோத்து, இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி வளையும் அலை. அடியில் நின்று நிமிர்ந்தால் சிவப்பும் வெள்ளையும் ஆரஞ்சுமாகத் தலைக்குமேல் வந்து விழப்போவது போல இருக்கும். இரண்டு மாசம் முன்பே ஊரில் சொல்லியிருந்தாள், உடைந்த பழைய மிதவை இருந்தால் கொடுங்கள் என்று. வீட்டுக்கு வீடு சாக்கில் கட்டிக் கொண்டுபோய் ஊர் மண்டபத்து வாசலில் போட்டிருந்தார்கள்.

வேலை முடிந்து நானும் செட்டாவும் போனோம். அலைக்கு அடியில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். "நல்லாத்தான் இருக்கு," என்றேன். திரும்பிப் பார்த்தேன். அலையின் பின்பக்கம், தரையோடு வளைகிற இடத்தில், செட்டா குந்தி உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் ஒரு மிதவையைத் தடவிக்கொண்டிருந்தது. மஞ்சள். வெயிலில் வெளுத்திருந்தது. நடுவில் கறுப்புப் பட்டை. எழுத்தின் ஒரு கால் கொஞ்சம் கோணலாக இழுத்திருந்தது.

"இது என் கை," என்றாள்.

பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஐந்தாறு மிதவைகள், ஒரே கம்பியில்.

"கடல்ல அறுந்து கரை ஒதுங்கியிருக்கலாம்," என்றேன்.

"இதைப் பாரு." மிதவையில் கயிறு கோக்கும் துளையில் கயிற்றின் சிறு துண்டு இன்னும் முடிச்சோடு இருந்தது. "கடல் அறுத்தா நார் நாரா பிரிஞ்சு தாடி மாதிரி இருக்கும். இது கத்தி."

சீவியது போல நேராக வெட்டியிருந்தது.

இங்க்ரிட்டைத் தேடிப் பிடித்தோம். நல்ல பெண். செட்டா கேட்ட கேள்விகளுக்கு மிரண்டுபோனாள். "சாக்குல எது யாரோடதுன்னு எனக்குத் தெரியாதுங்க. எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிக் கழுவித்தான் கோத்தேன். ஏதாவது தப்பாயிடுச்சா?"

"தப்பு உன்னோடது இல்ல," என்றாள் செட்டா. "நீ பாட்டுக்கு இரு. நான் கேட்டதை யார்கிட்டயும் சொல்லாதே."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். "கேளு. இந்த மிதவையை வெச்சிருந்தவன் யாரோ, அவன்தான் வெட்டினவன். அவன் வீட்ல யாரோ தெரியாம சாக்கோட தூக்கிக் குடுத்துட்டாங்க. இப்ப அவனுக்கு வயித்துல புளி கரையும். கட்டாயம் பாக்க வருவான். முன்பக்கம் வரமாட்டான். பின்பக்கம் வருவான்."

படகுகள் திரும்புவது மத்தியானத்தில்தான் என்பதால் காலையில் எங்களுக்கு வேலை இல்லை. மறுநாளிலிருந்து காலையில் அலைக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். செட்டா பின்னல் ஊசியும் நூலும் கொண்டுவந்தாள். ஒரு வரிசைகூடப் பின்னவில்லை.

வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். ஊர்க்காரர் யாராவது வந்தால் என் தொடையில் ஊசியால் குத்துவாள். பள்ளிக்கூட டீச்சர் பிள்ளைகளோடு வந்து அலையைச் சுற்றினார். "இவ அப்பன் படகு வெச்சிருந்தான்." கிளப் முதலாளி வந்து முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார். "முன்பக்கம் மட்டும் பாத்தான் பாத்தியா? பின்பக்கம் என்ன இருக்குன்னு தெரிஞ்சவன்தான் போகாம இருப்பான்."

"பின்பக்கம் வந்தாலும் திருடன், வரலைன்னாலும் திருடனா?"

"வாயை மூடிக்கிட்டு உக்காரு."

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, சால்வோ வந்தான். நீனோவின் தம்பி, செட்டாவின் கொழுந்தன். வாரம் தவறாமல் வந்து அவள் வீட்டில் புல் வெட்டிக் கொடுப்பவன். அலையின் பின்பக்கம் போனான், குனிந்தான், நிமிர்ந்தான். எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறி, கையைக்கூட ஆட்டாமல் வேகமாகப் போய்விட்டான். இந்தத் தடவை செட்டா என்னை ஊசியால் குத்தவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் காலை வாரன் வந்தான். வாரன் பிக்ஸ்லி. நீனோவோடு சிறுவயதில் ஒரே படகில் வேலை பார்த்தவன். பெர்த்தில் கண் ஆபரேஷன் முடிந்து வந்தவன் என்பதால் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். நாயைப் புல்லில் கட்டிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அலைக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். அந்த மஞ்சள் மிதவைகளை ஒவ்வொன்றாகக் கம்பியிலேயே சுழற்ற ஆரம்பித்தான், எழுத்து உள்பக்கம் போகும்படி.

செட்டா எழுந்த வேகத்தில் நூல்கண்டு உருண்டது.

"கையை எடுடா!"

கடற்கரையே திரும்பிப் பார்த்தது. சிலைகளைப் பார்த்துக்கொள்ள நிறுத்தியிருந்த தொண்டர் பெண் ஒருத்தி ஓடிவந்து, "சார், சிலையைத் தொடக்கூடாது, சார்" என்றாள்.

"தொட்டா என்னவாம்?" என்றாள் செட்டா. "அவன் பழைய சாமான்தானே! வாரன், இது எங்கேருந்து வந்துச்சு?"

வாரன் மண்டியிட்டபடியே இருந்தான். "எங்க வீட்டுக் கொட்டகையிலேருந்து. நான் ஆஸ்பத்திரியில இருந்தப்போ லொரெய்ன் சுத்தம் பண்ணியிருக்கா. அவளுக்குத் தெரியாது." லொரெய்ன் அவன் மனைவி.

"யாரு வெட்டினது?"

"நான்தான்."

"கூட்டைத் தூக்கினதும் நீதானா?"

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் எங்கே பார்த்தது என்று தெரியவில்லை.

"பதில் சொல்லு. திருடினது நீதானா?"

"நீ எப்படி வேணா வெச்சுக்கோ, செட்டா," என்றான். மெதுவாக எழுந்து, முழங்கால் மணலைத் தட்டிக்கொண்டு, நாயை அவிழ்த்துக்கொண்டு நடந்தான்.

அன்று கொட்டகையில், கடையில், படகுத்துறையில் செட்டா சொல்லாத ஆள் இல்லை. பன்னிரண்டு வருஷம் தேடிய பெயர் கிடைத்துவிட்டது. கேட்டவர்கள் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு உறுத்தியது. ஒருவர்கூட "வாரனா?" என்று அதிரவில்லை. காலைப் பார்த்தார்கள், தொண்டையைக் கனைத்தார்கள், "சரி, செட்டா, வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படு" என்றார்கள். ரொட்டிக் கடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மறுநாள் மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்லி என்னைத் துணைக்கு அழைத்திருந்தாள். நான் போனபோது கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சால்வோ பக்கவாட்டு வழியாக வந்து நின்றான். தூங்காத முகம்.

"அண்ணி, வாரனைத் திருடன்னு சொல்லிட்டுத் திரியாதீங்க."

"ஏன், உனக்கும் அதுல பங்கு இருக்கா?"

"வெட்டினதுல இருக்கு. வெட்டப் போன படகுல வாரன் இருந்தான், நான் இருந்தேன், இன்னும் ரெண்டு பேர் இருந்தாங்க. நாங்கதான் வெட்டினோம்." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினான். "ஆனா கூட்டைத் தூக்கினது நாங்க இல்ல, அண்ணி. தூக்கினது நீனோ."

செட்டா கையில் ஈரத் தலையணை உறை. அவள் சிரித்தாள். "செத்தவன் வந்து பதில் சொல்லமாட்டான்ல. நல்ல ஆளைத்தான் பிடிச்சீங்க."

"நானே பாத்தேன். விடியற நேரம், உள்பார்கிட்ட. வாரனோட கூட்டைத் தூக்கிப் படகுமேல வெச்சிருக்கான். என்னைப் பாத்தான். பதறவே இல்ல. கையைத் தூக்கி ஆட்டினான், அண்ணி. தெருவுல குட்மார்னிங் சொல்ற மாதிரி."

செட்டாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"நாங்க சொல்லிப் பாத்தோம். கேக்கல. அந்த வருஷம் எல்லாருக்கும் சிங்கி குறைவு, அவனுக்கு மட்டும் கூட கூட வந்துச்சே, உங்களுக்கு ஞாபகம் இல்லையா? யாராவது உங்க காதுல போட்டுடுவாங்கன்னு பயந்து அவனே முந்திக்கிட்டு, நம்ம கூட்டைத் திருடறாங்கன்னு உங்ககிட்ட சொல்லிட்டான். கடைசியில நாலு பேரும் சேந்து அவன் மிதவையை வெட்டினோம். பாடம் படிப்பான்னு நெனச்சோம். மறுநாள் காத்து அப்படி வரும்னு யாருக்குத் தெரியும்?"

"பொய்."

சால்வோ துணி காய்ந்த கயிற்றைத் தொட்டான். பச்சைக் கயிறு, தடியானது. "இதை எங்க வாங்கினேன்னு நீனோ சொன்னான்?"

"ஜெரால்டன் டவுன்ல."

"நீனோ கூட்டுக்கு எப்பவும் வெள்ளைக் கயிறுதான் போடுவான். பச்சைக் கயிறு இந்த ஊர்ல ஒரே ஆளுதான் போடுவான். அந்த ஆளு தினமும் நாயைக் கூட்டிக்கிட்டு உங்க வேலியோரமாத்தான் நடந்து போறான்."

செட்டா கயிற்றைப் பார்த்தாள். பிறகு சால்வோவைப் பார்த்தாள். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"புதைச்ச அன்னிக்கே வந்து உங்க புருஷன் திருடன்னு சொல்லணுமா? அப்பறம் நாள் போயிடுச்சு. நீங்க எல்லாரையும் திட்டினீங்க. திட்டட்டும்னு இருந்துட்டோம். நாங்க வெட்டலைன்னா அவன் அந்தக் காத்துல போயிருக்கமாட்டான்ல."

அவள் ஈர உறையால் அவன் முகத்தில் ஓங்கி அடித்தாள். ஒரே அடி. கொல்லை முழுக்கச் சத்தம் கேட்டது. அவன் நகரவில்லை, கையை உயர்த்தவும் இல்லை. செட்டா உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

சில நாட்கள் வேலைக்கு வரவில்லை. நான் போய்க் கதவைத் தட்டினேன்.

"நீயும் தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கூடப் பழகினியா?" உள்ளிருந்தே கேட்டாள்.

"சத்தியமா தெரியாது."

"எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க." கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. தலை வாரியிருக்கவில்லை. சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம்.

"வாசல்ல மீன் வெச்சுட்டுப் போனாங்களே," என்றாள். "கூரையைச் சுத்தம் பண்ணினாங்களே. என் பையனுக்குப் படகுல வேலை குடுத்தாங்களே. எல்லாம் பயத்துலதானே? அதுல பாசம்னு ஒண்ணு இருந்துச்சா இல்லையான்னு நான் இப்ப எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"ரெண்டும் இருந்திருக்கும், செட்டா."

"உனக்கு எப்பவும் ரெண்டும்தான்." மூக்கைச் சிந்தினாள். "அவன் கயிறைக் காட்டினான், சிங்கிக் கணக்கு சொன்னான். அதுக்கெல்லாம் நான் மசியல. கையை ஆட்டினான்னு சொன்னான் பாரு, அங்கதான் நம்பினேன். மாட்டிக்கிட்டா நீனோ அப்படித்தான் கையை ஆட்டுவான். வேற யாரோடயோ கூத்தடிச்சுட்டு வந்து நின்னப்போ எங்கிட்டயும் அப்படித்தான் ஆட்டினான்."

இந்தச் சேதியை அவள் அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். நானும் மேலே கேட்கவில்லை.

கண்காட்சி முடிகிற வாரம், அவள் கொடிக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வாரன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். நானும் போனேன். வாரன் வாசலில் மீன் வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். கயிற்றைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"எனக்கெதுக்கு? இத்துப்போயிருக்கும்."

"உன்னோடது. வாங்கிக்க."

வாங்கிக்கொண்டான்.

"நேத்து ஊருக்கு முன்னாடி உன்னைத் திருடன்னு சொன்னேனே, ஏன் வாயைத் திறக்கல?"

"ஒரு வாரம் முந்தி நடந்ததைப் போய் நேத்துங்கறே," என்றான் வாரன்.

"பேச்சை மாத்தாதே. நீ வெட்டினதால அவன் செத்தானா?"

வாரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண் இன்னும் சிவந்திருந்தது. "தெரியல, செட்டா. தினமும் யோசிக்கறேன். ஒரு நாள் ஆமான்னு தோணும், ஒரு நாள் இல்லைன்னு தோணும். தெரியல."

"ஆமான்னோ இல்லைன்னோ சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கமாட்டேன்," என்றாள் அவள். பிறகு, கிளம்புகிறவள் போலத் திரும்பி, "அந்த இடத்தைக் காட்டறியா?" என்றாள்.

"எந்த இடம்?"

"படகு கவுந்த இடம். நான் பாத்ததே இல்ல."

முப்பது வருஷம் மீனவன் வீட்டில் வாழ்ந்தவள், பாருக்கு வெளியே ஒருதடவைகூடப் போனதில்லை. வாரன் சரி என்றான். தெருவுக்கு வந்ததும் செட்டா என்னிடம், "நீயும் வர்றே," என்றாள். "அவனோட தனியா கடலுக்குப் போக எனக்கென்ன பைத்தியமா?"

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. சிலைகளைக் கழற்றும் நாளில் இங்க்ரிட் எங்களைத் தேடி வந்தாள். ஊரில் யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அலையை ஒரு நகரப் பூங்காவுக்காக வாங்கியிருக்கிறார்களாம். "உங்க வீட்டுக்காரரோடதை மட்டும் கழட்டித் தரட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். வீட்ல வெச்சா தூசி தட்டணும்."

"அந்தாளு எழுத்தையெல்லாம் உள்பக்கமா திருப்பிட்டாருங்க. நான் மறுபடி வெளியே திருப்பி வெக்கறேன்."

செட்டா யோசித்தாள். "திருப்பாதே," என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

காற்றே இல்லாத ஒரு காலையில் வாரனின் படகில் போனோம். உள்பாரைத் தாண்டியதும் நீர் நிறம் மாறியது. செட்டா படகின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வாரன் எந்தப் பக்கம் திருப்புகிறான் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். வெளிப்பாருக்கு அருகில் அவன் இன்ஜினை நிறுத்தினான்.

"இங்கதான்."

தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. அடியில் பாறை மங்கலாகத் தெரிந்தது. ஒரு கடற்காகம் மிதந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுமே இல்லியே," என்றாள்.

"ஒண்ணும் இல்ல."

அவள் நெடுநேரம் பார்த்தாள். ஜெபம் செய்கிறாளோ என்று நினைத்தேன். பிறகு சட்டென்று விளிம்புக்கு வெளியே குனிந்து காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்தாள். வாரன் அவள் சட்டையின் பின்பக்கத்தை, விழுந்துவிடாமல் இருக்க, கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் கையைத் தட்டிவிடவில்லை.

திரும்பும்போது முகம் கழுவிக்கொண்டு கேட்டாள், "படகுல நீனோ எப்படி இருப்பான்? சின்ன வயசுல?"

வாரன் தயங்கினான். எதைச் சொன்னால் எங்கே போய் முடியும் என்று அவனுக்கும் பயம் இருந்தது. "பாடுவான். சகிக்காது. பேசிக்கிட்டே இருப்பான். அப்பறம்... எங்கம்மா கட்டிக் குடுக்கற சாண்ட்விச்சை அவன்தான் தின்பான். தினமும். நான் பெட்டியைத் திறந்தா காலியா இருக்கும்."

"கேட்டா?"

"கடற்காகம் தூக்கிட்டுப் போச்சுன்னுவான்."

செட்டா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா, மடையா?"

வாரன் சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். முதலில் சிரித்தது செட்டாதான். சிரித்து, இருமி, மறுபடி வாந்தி வந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது வாரனோடு பேசுகிறாள். சண்டை போடுகிற மாதிரிதான் பேசுவாள், ஆனால் பேசுகிறாள். சால்வோவை மன்னிக்கத்தான் நாளாயிற்று. மற்ற மூவர் வெளியாட்கள், அவன் நீனோவின் ரத்தம் என்பதால் அவன்மேல்தான் அவளுக்குக் கோபம் அதிகம். அடுத்த கிறிஸ்துமஸும் போய், அதற்கடுத்த ஈஸ்டர் அன்று தேவாலய வாசலில் அவனாக வந்து, "அண்ணி, புல் முழங்கால் உயரம் வளந்திருக்கு, பாம்பு வந்துடும்" என்றான். "வந்தா வரட்டும்," என்றாள். இரண்டு படி இறங்கியவள் நின்று, திரும்பாமலே, "சனிக்கிழமை வா. மிஷினுக்குப் பெட்ரோல் நீயே கொண்டாந்துடு," என்றாள்.